லண்டன் அருங்காட்சியகங்களில் நானும் செய்த தவறுகள்

துணி வடிவமைப்பு படிக்கும் ஒரு பெண் போன மாதம் தன் லண்டன் பயணத் திட்டத்தைக் காட்டினாள். பதினைந்து வருடம் முன்பு நான் எழுதிய தாளையே பார்த்ததுபோல் இருந்தது. செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன்.

பொருள் காட்சியில் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்புவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்த ஒரு சீட்டித் துணியின் படத்தைப் பார்த்துவிட்டு, அதற்காகவே காசு சேர்த்து விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் அறை அறையாகத் தேடினேன். துணி கிடங்கில் இருந்தது.

தவறு என்னுடையது. துணிக்கும் தாளுக்கும் வெளிச்சம்தான் எதிரி. வெளுத்த சாயம் திரும்பாது. அதனால் கொஞ்ச காலம் காட்டிவிட்டு இருட்டில் வைத்துவிடுவார்கள். தொகுப்பில் 28 லட்சத்துக்கும் மேல் பொருள்கள் இருக்கின்றன. கூடங்களில் பார்ப்பது அதில் சிறு பங்கு.

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பொருளைத் தேடினால், எந்த அறை, இல்லை கிடங்கா என்று போட்டிருக்கும். கிடங்கு என்றால் மனம் தளர வேண்டாம். 2025 மே மாதம் கிழக்கு லண்டனில் அவர்களுடைய ஸ்டோர்ஹவுஸ் என்ற கிடங்கு பார்வையாளர்களுக்குத் திறந்தது. இரண்டு வாரம் முன்பே பதிவு செய்தால் ஐந்து பொருள் வரை எடுத்துக் காட்டுகிறார்கள், கட்டணம் கிடையாது. அங்கேதான் ஒரு சீட்டியைக் கிட்டத்தில் பார்த்தேன். வரையும் மூங்கில் பேனாவில் மை தீர்ந்து மறுபடி தொட்ட இடத்தில் பூவின் ஓரக்கோடு லேசாகத் தடித்திருந்தது. எந்தப் படத்திலும் அது தெரிந்ததில்லை.

அந்தப் பெண்ணின் பட்டியலில் ஏழு துணிகள். ஒன்றைக்கூட அவள் தேடிப் பார்த்திருக்கவில்லை. டிக்கெட் மட்டும் எடுத்தாயிற்று.

தவறான டேட் கலைக்கூடம்

ஆங்கில ஓவியர் டர்னரின் ஓவியங்களுக்கு மில்பேங்கில் உள்ள டேட் பிரிட்டன். பழைய மின் நிலையத்தில் இருக்கும் டேட் மாடர்னுக்குப் போய் நிற்காதீர்கள்.

அர்தபில் என்ற பழைய பாரசீகக் கம்பளத்தை இருட்டில் பார்த்துவிட்டு நகர்வது

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டின் 42ஆம் அறை. மணிக்கும் அரை மணிக்கும் பத்து நிமிடம்தான் விளக்கு. காத்திருங்கள்.

பகலில் மட்டும் போவது

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் வெள்ளிக்கிழமை இரவு 10 மணி வரை திறந்திருக்கும்.

பெரிய பெட்டி

விடுதியிலேயே விடுங்கள்.