915 இலிருந்து 880க்கு நழுவிய உச்சி

தேர்மோகுரோமேசியம் டெபிடம் 48–50 பாகை வெந்நீரில் வளரும் ஊதாப் பற்றீரியா. ஒளியை அறுவடை செய்யும் அதன் எல்.எச்.1 கூட்டுப்புரதம் 50 பாகையைத் தாங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் அது சிதைந்துகொண்டே இருந்தது. நாலு நாள் போனது.

புரதத்தைக் கரைத்துவைக்கும் சவர்க்காரம் கூடிவிட்டதென்று டி.டி.எம்மை 0.1 வீதத்திலிருந்து 0.05 ஆக்கினேன். வெப்பமானியையும் மாற்றினேன். பலனில்லை.

சூடாக்க முன்னரே ஒளி உறிஞ்சல் நிறமாலையை எடுத்தபோதுதான் பிடிபட்டது: உறிஞ்சல் உச்சி 915 நனோமீற்றரில் இல்லை, 880இல். காய்ச்சி வடித்த நீர் தீர்ந்த அன்று கிணற்று நீரில் ஐதாக்கிய ஒரு குழாய் மட்டும் 915 பக்கம் திரும்பியிருந்தது. எங்கள் சுண்ணக்கல் நிலத்து நீரில் கல்சியம் தாராளம்! பழைய தாங்கல் கரைசலில், உலோக அயன்களைப் பற்றிக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. 1 மில்லிமோலார் இருந்தது, புரதம் பிடித்துவைத்த கல்சியத்தை அதுவே உருவியிருக்கிறது. செந்நிற நகர்வும் (உச்சி 880 இல் நிற்காமல் நீண்ட அலைநீளமான 915க்குப் போவது) வெப்பத் தாங்குதிறனும் அந்தக் கல்சியத்தில்தான் நிற்கின்றன.

புதிய தாங்கல்: ஈ.டி.டி.ஏ. இல்லாத 20 மில்லிமோலார் டிரிஸ், பீ.எச். 7.5, அதில் 20 மில்லிமோலார் கல்சியம் குளோரைட்டு. மாதிரியை, ஈ.டி.டி.ஏ.யைப் பிரித்துவிடும் சிறு ஜெல் நிரலில் ஓடவிட்டு இதற்கு மாற்றியதும் உச்சி 915க்கு வந்தது, 50 பாகையிலும் நின்றது. பொஸ்பேற்றுத் தாங்கல் வேண்டாம்: கல்சியம் பொஸ்பேற்று வெண்மையாகப் படிந்து நிறமாலையின் அடிக்கோட்டைத் தூக்கிவிடும். மக்னீசியம் இந்த இடத்துக்கு ஈடாகாது.