நீச்சல் குளத்துக்கு வலைக்கூண்டு: போடும் முன் பார்க்க வேண்டியவை

பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழும் சிங்கப்பூரில், தரைவீட்டின் கொல்லைப்புறத்தில் சொந்தமாக நீச்சல் குளம் வைத்திருப்போர் மிகச் சிலர். அவர்களும் கொசு, சருகு, குரங்கு என்று ஏதோ ஒன்றால் சலித்துப்போய், குளத்தை முழுவதுமாக வலையால் மூடிவிடலாமா என்று யோசிப்பதுண்டு. அலுமினியச் சட்டங்களை நிறுத்தி, பக்கங்களிலும் மேலேயும் கண்ணாடியிழை வலையை இழுத்துக் கட்டும் இந்தக் கூண்டு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பரவலாகக் காணப்படுவது. வெயிலும் புழுக்கமும் கொசுவும் அங்கும் இங்கும் உண்டு என்பதால் நமக்கும் அப்படியே பொருந்தும் என்று தோன்றும். என் கணிப்பில் பாதிதான் பொருந்தும்.

விலை கேட்பதற்கு முன் ஒரு மாதம் பொறுத்து, குளத்தருகே எந்தத் தொல்லை எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். "பூச்சித் தொல்லை" என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. காலையில் கடிக்கிறதா, மாலை மங்கிய பின் கடிக்கிறதா, கடிப்பது கொசுவா, கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிறு பூச்சியா என்பதைப் பொறுத்தே முடிவு மாறும்.

கொசுவை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் பலரையும் இந்த யோசனைக்குத் தள்ளுவது டெங்கி பற்றிய அச்சமே. 2020ஆம் ஆண்டில் மட்டும் இங்கு 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது, அச்சம் நியாயமானது. ஆனால் குளோரின் கலந்து, பம்பின் விசையால் ஓடிக்கொண்டிருக்கும் குளத்து நீரில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாக வளர்வதில்லை. குளத்தைச் சுற்றியுள்ள வடிகால் பள்ளம், பம்பு அறையின் மூலை, மடித்து வைத்த குளப்போர்வையின் மேல் தேங்கிய மழைநீர், பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவையே அதற்குப் பிடித்த இடங்கள். முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். இவை கூண்டுக்குள்ளேயே இருந்துவிட்டால், வெளிக்கொசுவைத் தடுக்கப் போட்ட வலை உள்ளே பிறந்த கொசுவை உங்களோடு அடைத்து வைக்கும். எனவே வாரம் ஒரு முறை அந்த இடங்களைக் கவிழ்த்து, வடித்து, துடைத்துப் பாருங்கள். தொல்லை கணிசமாகக் குறைந்தால், கூண்டுக்கென ஒதுக்கிய பணம் கையிலேயே இருக்கட்டும்.

பாசிர் ரிஸ், கிராஞ்சி போலச் சதுப்புநிலக் காட்டை ஒட்டிய பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே கடிப்பது கொசுவைவிடச் சிறிய பூச்சியாக இருக்கலாம். ஓர் அங்குலத்துக்கு 18க்கு 14 இழைகள் கொண்ட வழக்கமான வலையின் கண்களுக்குள் அது புகுந்துவிடும். 20க்கு 20 இழைகள் உள்ள நெருக்கமான வலை வேண்டும். அதை மாட்டினால் காற்றோட்டம் குறையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றில்லாத குளக்கரையில் யார் உட்காருவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி, பிற்பகல் மூன்று மணிக்கு முகத்துக்கு முன் பிடித்துப் பார்த்தால் விற்பனையாளரின் விளக்கத்தைவிட அதிகம் புரியும்.

சருகுதான் தொல்லை என்றால் கூண்டு உண்மையிலேயே உதவும், ஆனால் வேலை ஒழியாது. என் உறவினர் ஒருவரின் வீட்டுக் குளத்தின் மீது தெம்புசு மரம் கிளை பரப்பியிருக்கிறது. கூண்டு போட்ட பின் இலைகள் நீரில் விழுவது நின்றது. மாறாக மேல்வலையில் குவிந்து, மழையில் ஊறி, வலையைத் தொய்ய வைத்தன. முன்பு தரையில் நின்று சல்லடையால் அள்ளியதை இப்போது ஏணி வைத்துத் தள்ளுகிறார்கள். நிழலும் ஈரமும் சேரும் பக்கத்தில் வலை பச்சையாகப் பாசி பிடிப்பதையும் அங்குதான் பார்த்தேன்.

புக்கிட் தீமா காட்டை ஒட்டி வாழ்வோர் குரங்குகளை எண்ணி வலை கேட்பார்கள். கண்ணாடியிழை வலையை நெடுவால் குரங்கு எளிதில் கிழித்துவிடும் என்பதால், அங்கே துருப்பிடிக்காத எஃகு வலையைப் பற்றித்தான் பேச வேண்டும். நீர்நாய்கள் வரும் கால்வாயோரமாக இருந்தால் அடிப்பகுதி முக்கியம்: தரையோடு ஒட்டிய உறுதியான அடித்தகடு இல்லாவிட்டால் அவை இடுக்கில் நுழைந்துவிடும்.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூண்டையே பாதுகாப்பு வேலியாக எண்ணிவிடக் கூடாது. கதவு தானாகச் சாத்திக்கொண்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தானாகத் தாழிட்டுக்கொண்டால் மட்டுமே அது தடுப்பாகும். வலையோ கத்தரிக்கோலுக்கே கிழியும். இதற்கு மட்டும் என்றால் தனி வேலி போதும், விலையும் குறைவு. வேலி எதுவானாலும் பெரியவர் ஒருவரின் கண் குளத்தின் மேல் இருந்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கூண்டு வேண்டும் என்று முடிவானால், அடுத்த கேள்வி காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்னும் காலையிலும் அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்றைச் சட்டகம் தாங்க வேண்டும். ஈரமான, சருகேறிய வலை காற்றைப் பாய்மரம் போலப் பிடிக்கும் என்பதால், பதிவுபெற்ற பொறியாளரின் கணக்கு இல்லாமல் நங்கூர ஆணிகளைத் தரையில் இறக்க விடாதீர்கள். மழை வலையின் வழியே உள்ளே இறங்கத்தான் செய்யும். கூண்டைக் கூரையாக எண்ணி நாற்காலி மெத்தைகளை விட்டு வைக்க வேண்டாம். இடி இடிக்கும்போது அது அடைக்கலமும் ஆகாது. குளத்தருகே நிற்கும் உலோகச் சட்டகத்துக்கு, மின்கசிவால் அதிர்ச்சி தாக்காதபடி மற்ற உலோகப் பாகங்களோடு கம்பியால் இணைக்கும் மின்பிணைப்பு முறையாகச் செய்யப்பட வேண்டும், அதையும் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். கடலோர வீடுகளில் அலுமினியத்தோடு சாதாரண எஃகுத் திருகுகளைச் சேர்த்தால் அரிப்பு விரைவில் தொடங்கும்.

அனுமதி பற்றிக் கூண்டைக் கட்டித் தரும் குத்தகையாளரின் வாய்மொழியை நம்ப வேண்டாம். எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, நிலத்தில் கட்டடம் மூடும் பரப்பு ஆகியவை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. கட்டமைப்பு பற்றியவை கட்டட, கட்டுமான ஆணையத்தைச் சேர்ந்தவை. வரைபடத்தோடு ஒரு கட்டடக்கலைஞரைக் கேட்டு, தேவையான அனுமதி வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் மொத்த விலையோடு, ஒரு சட்டத்துக்கு மட்டும் வலை மாற்ற எவ்வளவு, மேல்வலையைக் கழுவ ஆள் ஏறுவதற்கு எந்த இடத்தில் தாங்குதிறன் உண்டு என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அதே குத்தகையாளரிடம் குளத்தை விட்டுவிட்டு, நீங்கள் மாலையில் உட்காரும் தாழ்வாரத்துக்கு மட்டும் வலை போட எவ்வளவு ஆகும் என்றும் கேளுங்கள். குளத்தில் நீந்தும் அரை மணி நேரத்தில் கொசு கடிப்பது குறைவு. கரையில் அமர்ந்து தேநீர் குடிக்கும் ஒன்றரை மணி நேரத்தில்தான் கடி அதிகம். பலருக்கு அந்த இரண்டாவது விலையே போதுமானதாக இருக்கும்.