இலக்கிய விழாவை நூலகத்துக்குள்ளேயே நடத்துங்கள்

விழாவுக்குக் கல்யாண மண்டபம் பிடிக்காதீர்கள். மண்டபத்துக்கு வருகிறவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். நூலகத்துக்கு ஆள் சேர்க்கத்தானே விழா? அப்படியானால் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அலமாரிகளுக்கு நடுவே நடந்தாக வேண்டும். உள்ளே ஐம்பது பேர்தான் உட்கார முடியுமா, சரி, ஐம்பது பேர் உட்காரட்டும். மற்றவர்களுக்கு வாசலில் சாமியானா போட்டால் ஆயிற்று. மன்னார்குடி பக்கம் ஒரு கிளை நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாசகர் வட்டச் செயலாளர் வேலையும் என் தலையில்தான். எங்கள் ஊரில் நடத்துவதை வைத்துச் சொல்கிறேன்.

தேதி குறிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. பெயருக்குப் பொருத்தம்தான், ஆனால் டெல்டாவில் அது அடைமழைக் காலம். சாமியானா ஒழுகும், கிராமத்துச் சனம் வயலை விட்டு வராது. ஆகஸ்ட் 12-ஐ ஒட்டி வைப்பது நல்லது. நூலகத் துறையின் தந்தை என்று நாம் சொல்லும் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதனின் பிறந்த நாளை நாடு முழுக்க நூலகர் தினமாகக் கொண்டாடுவது அன்றுதான். அது ஆடி மாதம், கல்யாணம் கிடையாது. சாமியானாக்காரரும் மைக் செட்காரரும் சும்மா இருப்பார்கள், வாடகையும் இறங்கிவரும். 12-ஆம் தேதி வெள்ளியில் விழுந்தால் கிளை நூலகத்துக்கு வார விடுமுறை. சனியில் விழுந்தால் அது இரண்டாம் சனி, அன்றும் விடுமுறை. அதனால் அக்கம்பக்கத்து ஞாயிறாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி ஞாயிறு என்றால் மாரியம்மன் கோயிலில் கஞ்சி வார்ப்பார்கள், குழாய் ஒலிபெருக்கி அலறும். நாட்டாமையிடம் முன்கூட்டியே போய், "அண்ணே, பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் செய்வார்கள். கேட்காமல் அன்றைக்குப் போய்ச் சண்டை போட்டால் கவிதை எவர் காதிலும் விழாது.

அனுமதிக் கடிதத்தை நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்ப வேண்டும். நூலகர் அரசு ஊழியர், அவரைச் சங்கடத்தில் விடாதீர்கள். நிகழ்ச்சி நிரலையும் கூடவே வையுங்கள். கட்சிக் கொடி, கட்சிப் பேச்சு இருக்காது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். மைக்குக்குக் காவல் நிலையத்தில் தனியாக ஒரு கடிதம்.

அடுத்து மேடை. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை என்று போனால் எழுத்தாளர் எழுந்து நிற்கும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் பெயரையெல்லாம் நோட்டீஸில் 'முன்னிலை' என்று பெரிதாகப் போடுங்கள், மைக்கை மட்டும் கொடுக்காதீர்கள். பொன்னாடையும் வேண்டாம், புத்தகம் கொடுத்தால் போதும். வெளியூர் எழுத்தாளர் ஒருவர் வந்தால் தாராளம். போக வரச் செலவையும் ஒரு தொகையையும் உறையில் போட்டு, வந்ததுமே கொடுத்துவிடுங்கள். அவர் புத்தகத்தில் மூன்று பிரதியை ஒரு மாதம் முன்பே வாங்கி வாசகர்களிடம் சுற்றுக்கு விடுங்கள். படித்த நாலு பேர் கேள்வி கேட்டாலே கூட்டத்துக்கு உயிர் வந்துவிடும். மீதி நேரம் உள்ளூருக்கு. ஆளுக்கு ஒரு பக்கம், பிடித்த புத்தகத்திலிருந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர் டீக்கடைக்காரர் படித்ததற்கு விழுந்த கைதட்டல் பேராசிரியருக்குக்கூட விழவில்லை.

விளம்பரத்துக்கு பிளெக்ஸ் அடிப்பது காசுக்குக் கேடு. 1931-லேயே எங்கள் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஓட்டியிருக்கிறார், ரங்கநாதன்தான் வந்து தொடங்கிவைத்தார். வண்டிக்கு இப்போது எங்கே போவது? முதல் நாள் மாலை ஒரு குட்டியானையில் புத்தகங்களை அடுக்கித் தெருத்தெருவாகப் போங்கள். நோட்டீஸில் இந்த ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: 'உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி கட்டியிருக்கிறீர்கள்.' வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலகத்துக்குப் போகிறது. 1948-இல் வந்த நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் பணம் இது. "நம்ம காசா இது!" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் உண்டு.

வாசலில் போடும் உறுப்பினர் மேசைதான் எனக்கு முக்கியம், மேடையெல்லாம் அதற்கு அப்புறம். அதில் துறுதுறுப்பான ஒரு கல்லூரிப் பெண்ணை உட்கார வையுங்கள். எங்கள் நூலகத்தில் படிவத்தோடு ஆதார் நகல் கேட்பார்கள். நகல் இல்லை என்று வீட்டுக்குப் போகிறவர் திரும்பி வரமாட்டார். அதனால் அன்றைக்கு என் கடையில் நகல் இலவசம். ஒரு பையன் கார்டை வாங்கிக்கொண்டு ஓடுவான், நகலோடு வந்து நிற்பான். எழுதத் தெரியாத பாட்டி பேத்திக்காகக் கேட்டால் மேசையிலிருப்பவரே படிவத்தை நிரப்ப வேண்டும், "அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பக் கூடாது. காப்புத் தொகையும் சந்தாவும் சின்னத் தொகைதான். சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள், ஐநூறு ரூபாய்த் தாளோடுதான் எல்லோரும் வருவார்கள்.

பணம் கொடுக்க முன்வருபவர்களைப் புரவலராகச் சேர்த்துவிடுங்கள். ஆயிரம் ரூபாய், நூலக ரசீது உடனே கிடைக்கும், பெயரும் பலகையில் ஏறும். விழாச் செலவு தனிக் கணக்கு, அதற்கு வாசகர் வட்டம்தான் வசூலிக்க வேண்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் பிறகு பஞ்சாயத்துதான்.

புத்தக நன்கொடை என்று பொதுவாக அறிவித்தால் பழைய பத்தாம் வகுப்பு கைடும் கறையான் அரித்த வார இதழும் மூட்டை மூட்டையாக வந்து சேரும். வாசகர்கள் கேட்டு இல்லாமல் போன தலைப்புகளை நூலகரிடம் வாங்கிப் பட்டியல் போடுங்கள். பக்கத்து நகரத்துப் புத்தகக் கடைக்காரரை ஒரு மேசை போடச் சொல்லி, அந்தத் தலைப்புகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். புத்தகக் காட்சிகளில் கொடுக்கிற பத்து சதவீதக் கழிவை இங்கும் கேட்டு வாங்கலாம். வருகிறவர் ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதி நூலகத்துக்குக் கொடுப்பார். போட்டித் தேர்வுப் புத்தகங்கள்தான் முதலில் தீரும். இலக்கிய விழாவில் அதுவா என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பொது அறிவு படிக்க வருகிற பிள்ளைதான் ஒருநாள் பக்கத்து அலமாரியில் கை வைக்கும்.

சாப்பாடு வேண்டாம். சுண்டல், டீ, கை கழுவ ஒரு அண்டா தண்ணீர்.

விழா முடிந்த வாரம் நூலகருக்கு வேலை குவிந்திருக்கும். நன்கொடைப் புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றி எண் போட வேண்டும், புது உறுப்பினர் அட்டைகளை எழுத வேண்டும். வாசகர் வட்டத்திலிருந்து இரண்டு பேர் மாலையில் போய்க் கூட உட்காருங்கள். அட்டை தயாரானதும் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். வரவு செலவுக் கணக்கை மைக் செட் ரசீதோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மீதி இருந்தால், மேலே சொன்ன பட்டியலில் விலைபோகாமல் நின்ற புத்தகங்களை வாங்கிக் கொடுத்துவிடலாம்.