மாடியில் மழை அளக்க

மதுரைப் பக்கம் கோடை மழை ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். விமான நிலையத்து மழைக் கணக்கு நகரின் இன்னொரு பகுதியான திருநகருக்கு அப்படியே பொருந்தாது. நாமே அளப்பதுதான் சரி.

பக்கம் நேரான இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, மூடியைக் கழற்றி, புனலாகக் கவிழ்த்து வையுங்கள். அடியிலுள்ள குழிவுகள் மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி, அங்கே பூஜ்ஜியக் கோடு போடுங்கள். இதை விட்டால் தூறல் கணக்கு தப்பாகும். வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றும். தினமும் கோடுவரை ஊற்றுங்கள். கைப்பிடிச்சுவர், தண்ணீர்த்தொட்டி எதுவானாலும் பாட்டில் வாய்க்கு மேல் அது நிற்கும் உயரத்தைப்போல் இருமடங்கு தள்ளி வைக்க வேண்டும்.

காலை 8.30க்கு, பூஜ்ஜியக் கோட்டுக்கு மேல் தண்ணீர் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று படியுங்கள், வானிலைத் துறையின் நேரமும் அதுவே. 2.5 மி.மீ. தொட்டால்தான் மழைநாள். 20 மி.மீ. பெய்தால் 100 சதுர மீட்டர் மாடியில் 2,000 லிட்டர் விழுந்திருக்கும்.