பாயிண்ட் லோபோஸ் பாறைக்கரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் கார்மல் ஊருக்குச் சற்றுத் தெற்கே, ஒன்றாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் பாயிண்ட் லோபோஸுக்கு, சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கங்களிலிருந்து வார இறுதியில் புறப்பட்டு வரும் தமிழ்க் குடும்பங்களை அடிக்கடி காண முடிகிறது. அங்கே நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, அந்த இடத்தைக் கடற்கரை என்று எண்ணி வருவதிலிருந்தே தொடங்குகின்றன. மாநிலப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருந்தாலும் அது ஓர் இயற்கைக் காப்பகம். 1933-இல் மாநிலத்தின் கைக்கு வந்த அந்த நிலத்தோடு, 1960-இல் அதை ஒட்டிய கடலடியும் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் முதன்முதலாகக் காப்பகமாக்கப்பட்ட கடலடிப் பகுதிகளில் அதுவும் ஒன்று. கால் நனைத்து, சிப்பி பொறுக்கி, பாறை உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம் என்ற நினைப்போடு வருபவருக்கு அங்கே ஏமாற்றமோ ஆபத்தோ காத்திருக்கிறது.

முதலில் சிறிய தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்குத் திறக்கும் காப்பகத்துக்குப் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தால், வார இறுதியில் உள்ளே வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, வேகமாக வண்டிகள் போகும் பக்கத்துக் கதவைத் திறந்து குழந்தைகளை இறக்குவதும் ஆபத்தானது. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டு மாநிலப் பூங்காவில் செல்லாது. நாய்க்கு அனுமதி இல்லை. வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. கட்டுச் சோற்றை அதற்கென ஒதுக்கிய மேசைகளில் மட்டும் பிரிக்க வேண்டும். அணிலுக்கு ஒரு பிடி புளியோதரை வைப்பது அன்பாகத் தோன்றினாலும், மனிதக் கையை நம்பி வாழப் பழகிய விலங்கு பிறகு கடிக்கவும் செய்யும், நோயிலும் விழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, காய்ந்திருக்கும் பாறையைப் பத்திரமான பாறை என்று நம்புவது. வட பசிபிக்கில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல் எழுப்பும் அலைகள் பல நாள் பயணம் செய்து இந்தக் கரைக்கு வருகின்றன. ஆகவே இங்கே வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும் நாளிலும் கடல் கொந்தளிக்கலாம். அந்த அலைகள் கூட்டங்கூட்டமாக வருவதால், இரண்டு கூட்டங்களுக்கு இடையே பத்து, பதினைந்து, சில சமயம் இருபது நிமிடம் கூடக் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த இடைவெளியில் வந்து சேர்பவர் கண்ணில் படுவது அமைதியான நீரும் உலர்ந்த பாறையும் மட்டுமே. ஒரு ஜனவரி மதியம் காப்பகத்தில் உள்ள சீ லயன் பாயிண்ட் என்னும் முனையில், பாதையின் ஓரக் கம்பிக்கு இப்பால் நின்று, கடற்காக்கைகளின் எச்சம் வெள்ளையாகப் படிந்து காய்ந்திருந்த ஒரு பாறையைக் கால் மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஒரு துளி நீரும் அதைத் தொடவில்லை. திடீரென்று பறவைகள் மொத்தமாக எழுந்தன. அடுத்த சில நொடிகளில் பெரிய ஓசை எதுவும் இல்லாமல் கடல் உப்பி உயர்ந்து அந்தப் பாறையை முழுவதுமாக மூடிவிட்டு இறங்கியது. அங்கே உட்கார்ந்து படம் எடுத்திருக்கக்கூடிய ஒருவரைப் பற்றி நினைக்காமல் அன்று என்னால் வண்டிக்குத் திரும்ப முடியவில்லை.

ஆகையால், நீருக்கு அருகே இறங்கும் அனுமதி உள்ள இடங்களிலும், முதலில் இருபது நிமிடமாவது நின்று கடலைக் கவனிக்க வேண்டும். இறங்கிய பிறகு, படம் எடுப்பதற்காகக்கூடக் கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. பாதையின் ஓரத்தில் முழங்கால் உயரத்தில் ஓடும் கம்பி அழகுக்காகக் கட்டியதல்ல. அதைத் தாண்டிய இடத்தில் கால் வைக்க அனுமதி இல்லை. அங்குள்ள பாறையின் தன்மையையும் சற்று அறிந்திருப்பது நல்லது. சுமார் எட்டுக் கோடி ஆண்டுப் பழமையான கருங்கல் வகைப் பாறை ஒரு பக்கம் இருக்க, காப்பகத்துக்குள்ளேயே உள்ள வெஸ்டன் கடற்கரைப் பக்கம் இருப்பதோ, சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிப் பள்ளத்தாக்கில் படிந்து இறுகிய மணற்கல்லும் கூழாங்கல் பதிந்த கலவைப் பாறையும் ஆகும். அந்தக் கலவைப் பாறையின் விளிம்பில் மிதித்தால் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து காலோடு உருளும்.

நீரில் விழுந்தவரைக் காப்பாற்றத் தானும் குதிப்பது, ஒரு சாவை இரண்டாக்கும் தவறு. இங்கே கடலின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பதால், விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தானாகவே திணறும். சில நிமிடங்களில் கைகால் வலுவிழக்கும். உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துவிட்டு, மிதக்கக்கூடிய எதையாவது, காலித் தண்ணீர்க் கேனையாவது, அவர் பக்கம் வீசி, ஒருவர் அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால், அழைப்பதற்காக மேலே ஓடக்கூடிய ஒருவர் கூட இருப்பது அவசியம்.

இதை ஒட்டிய இன்னொரு தவறு, காப்பகத்தில் இடமில்லை என்றதும் வடக்கே அடுத்தாற்போலத் தெரியும் மொனாஸ்ட்ரி கடற்கரையில் குழந்தைகளை இறக்கிவிடுவது. பார்க்க மணற்கரையாக இருந்தாலும், கரையை விட்டதும் தரை செங்குத்தாகச் சரிகிறது. பருமணல் காலுக்கடியில் நழுவ, திரும்பும் அலை ஆளைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். பலர் உயிரிழந்த இடம் அது. அங்கே கணுக்கால் அளவு நீரும் வேண்டாம்.

பாறைக் குழிகளில் தேங்கும் கடல்நீரில் வாழும் உயிர்களைப் பார்ப்பதற்காகவே பலர் வருகிறார்கள். ஆனால் நேரம் பார்க்காமல் வருகிறார்கள். நாளுக்கு இரண்டு முறை கடல் வற்றினாலும், இரண்டும் ஒரே அளவல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் மிகவும் கீழே இறங்கும். கோடையில் அந்த ஆழமான வற்றம் விடியற்காலையை ஒட்டி வந்துவிடுவதால், ஜூலை மாத மதியத்தில் வருபவருக்குக் குழிகள் நீருக்கடியில்தான் இருக்கும். குளிர்காலத்தில் அது பிற்பகலில் வரும், ஆனால் பெரிய அலைகளும் அந்தக் காலத்தில்தான் வரும். ஆகவே கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையையும் அலை உயரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குழிக்கருகே சென்றபின் கல்லைப் புரட்டக் கூடாது, ஒட்டியிருக்கும் எதையும் பிய்க்கக் கூடாது, வெறுங்கல்லின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும். வெஸ்டன் கடற்கரையில் ஒரு பாட்டி பூஜை அறையில் வைக்கலாம் என்று சுண்டைக்காய் அளவுள்ள ஒரு சங்கை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார். சற்று நேரத்தில் அதன் வாயிலிருந்து செந்நிறத்தில் இரண்டு உணர்கொம்புகள் நீண்டன, பிறகு ஒரு கொடுக்கு. ‘ஐயோ, ஆளிருக்கு’ என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே குனிந்து வைத்தார். உள்ளே இருந்தது, காலிச் சங்குகளில் குடியேறி வாழும் துறவி நண்டு. வளரும் துறவி நண்டுக்குக் காலிச் சங்கும் நாளைய வீடு என்பதால் அதையும் எடுக்கக் கூடாது. கல், மரத்துண்டு, பூ என எதையும் அங்கிருந்து எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பாதையை விட்டு விலகினால் காத்திருப்பது பாய்சன் ஓக் என்னும் நச்சுச்செடி. மூன்று மூன்றாக அமைந்த இலைகள் இலையுதிர் காலத்தில் சிவந்து அழகாகத் தெரியும். குளிர்காலத்தில் இலையில்லாத வெறுங்குச்சியிலும் அதன் எண்ணெய் இருக்கும். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கும், சேங்கொட்டை பட்டால் என்னவாகும் என்று அறிந்தவர்களுக்கும் இந்த எண்ணெயைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். பட்டுவிட்டால் உடனே சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு நன்கு கழுவி, உடுத்திய துணியையும் தனியாகத் துவைக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் காப்பகத்தின் சைனா கோவ், வேலர்ஸ் கோவ் என்னும் சிறு குடாக்களின் கரைகளில் சீல் குட்டிகள் தனியாகக் கிடப்பதைக் காணலாம். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று இரங்கி அருகே செல்வது, நல்ல மனத்தோடு செய்யப்படும் மிகக் கொடிய தவறு. தாய் இரை தேடக் கடலுக்குள் போயிருக்கும். கரையில் மனித நடமாட்டம் இருந்தால் அது திரும்பி ஏறத் தயங்கும், குட்டி உண்மையாகவே அனாதையாகும். கடல் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்வது 1972 முதல் கூட்டரசுச் சட்டப்படி குற்றமும் ஆகும். மேலே பாதையிலேயே நின்று தொலைநோக்கியால் பாருங்கள். குட்டிக்குக் காயம் இருப்பதாகப் பட்டால், பாதையில் இருக்கும் தன்னார்வ வழிகாட்டிகளிடமோ நுழைவாயிலிலோ சொல்லுங்கள். கீழே இறங்க வேண்டியவர் யார் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.