சாப்பாட்டு ஜெபம்: ஒப்பிக்காமல் ஜெபிக்கச் சில எளிய படிகள்

தட்டு வைத்ததும் கண்ணை மூடி, "அன்பின் பரலோகப் பிதாவே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், சமைத்த கைகளை ஆசீர்வதியும், இல்லாதவர்களைப் போஷியும், இயேசுவின் மூலம் கேட்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் குழம்பை ஊற்றுகிற வீடுகள்தான் நம்மிடையே அதிகம். இதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனால் "சமைத்த கைகளை ஆசீர்வதியும்" என்று சொல்லும் நேரத்தில் அந்தக் கைகள் பெரும்பாலும் அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டிருக்கும். அங்கேயிருந்தே ஆரம்பிக்கலாம்.

படி 1: சமைத்தவர் உட்காரும் வரை பொறுங்கள்

மூன்று வேளையும் மாற்ற வேண்டாம், ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்கூல் வேன் வந்துவிடும், அது வேண்டாம். இரவுச் சாப்பாடோ, ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும் ஞாயிறு மதியமோ சரியாக இருக்கும். தோசை, சப்பாத்தி என்றால் எல்லாவற்றையும் சுட்டு ஹாட்பாக்ஸில் போட்டு வைத்துவிடுங்கள். கொஞ்சம் சூடு குறைந்தால் குறையட்டும். அம்மாவோ, அப்பாவோ, சமைத்தது யாரோ அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஜெபம். டிவி, போன் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

படி 2: குடும்ப ஜெபத்தை இதற்குள் கொண்டுவராதீர்கள்

அண்ணனின் விசா, மாமாவின் ஆபரேஷன், பாப்பாவின் பரீட்சை எல்லாமே ஜெபிக்க வேண்டிய காரியங்கள்தான், ஆனால் அவற்றுக்கு ராத்திரி குடும்ப ஜெபம் இருக்கிறது. ரசம் ஆறிக்கொண்டிருக்கும்போது உறவுக்காரர் எல்லாரையும் பேர் பேராகச் சொன்னால், பிள்ளைகள் ஒரு கண்ணைத் திறந்து அப்பளத்தைத்தான் பார்ப்பார்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 27-ஐ எடுத்துப் பாருங்கள். புயலில் மாட்டிய கப்பலில் 276 பேர், பதினாலு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. பவுல் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாகத் தேவனை ஸ்தோத்திரித்து, பிட்டுச் சாப்பிடத் தொடங்கினார் என்று ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. நமக்கும் அரை நிமிடம் போதும்.

படி 3: தட்டில் இருக்கும் ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், மற்ற படிகளை விட்டாலும் இதை விடாதீர்கள். "இந்த ஆகாரத்துக்காக" என்று பொதுவாகச் சொல்லாமல், இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். மீன் குழம்பு என்றால் மீனுக்காக நன்றி, அதைப் பிடிக்கக் கடலுக்குப் போனவர்களைப் பத்திரமாகக் கரை சேரும் என்று ஒரு வரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் அடுப்பு எரிய வேண்டுமே என்று ஜெபிக்கலாம். சோறு என்றால் நெல் விளைவித்தவர், கீரை என்றால் விடிகாலையில் கட்டுக் கட்டிக் கொண்டுவரும் அக்கா. எதைச் சொல்வது என்பதை ஒவ்வொரு நாளும் ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும். சின்னப் பிள்ளை "முட்டைக்காக ஸ்தோத்திரம், ஆமென்" என்று முடித்துவிட்டால், சிரிக்காமல், திருத்தாமல், நீங்களும் ஆமென் சொல்லுங்கள். இன்னொன்று, ஆமென் சொன்ன வாயால் "உப்பு கம்மி" என்று உடனே ஆரம்பிக்காதீர்கள், ரெண்டு வாய் உள்ளே போகட்டும்.

படி 4: "இல்லாதவர்களைப் போஷியும்" என்பதற்குக் கை கால் கொடுங்கள்

நம்ம சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்று ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவைத்து, சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதையே வீட்டில் திரும்ப ஆரம்பிக்கலாம், அரிசி அள்ளிப் போடும் வேலை பிள்ளைகளுடையது. சேர்ந்த அரிசி யாருக்குப் போக வேண்டும் என்று பேசி முடிவு செய்தால், ஜெபத்தில் அந்த வரி வரும்போது ஒரு முகம் நினைவுக்கு வரும்.

படி 5: வாரம் ஒருநாள் வசனம், ஒருநாள் சாப்பிட்ட பிறகு

சொந்தமாக ஜெபிக்க வார்த்தை வரவில்லையா? சங்கீதம் 145:15, 16 போதும்: "எல்லாக் கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது, ஏற்றவேளையிலே நீர் அவைகளுக்கு ஆகாரங்கொடுக்கிறீர்." சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் (விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கும் கையேடு) சாப்பாட்டுக்கு முன் சொல்லச் சொன்னதும் இதே வசனங்கள்தான், சாப்பிட்ட பிறகு சொல்லவும் ஒரு நன்றி ஜெபம் அதில் உண்டு. உபாகமம் 8:10-உம் புசித்துத் திருப்தியடைந்த பிறகு ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது. ஒருநாள் கை கழுவ எழும்புவதற்கு முன் அப்படிச் செய்து பாருங்கள், வயிறு நிறைந்திருப்பதால் யாருக்கும் அவசரம் இருக்காது.

விருந்தாளி வந்தால்? வேறு மதத்துக்காரர் என்றால், அவர் சோற்றில் கை வைப்பதற்கு முன்பே "ஒரு நிமிஷம், ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடலாம்" என்று சொல்லிவிடுங்கள், ரெண்டே வரியில் முடியுங்கள். அவரை வைத்துப் பிரசங்கம் வேண்டாம். வயதுக்கு வந்த பையன் ஜெபிக்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். உட்கார்ந்திருந்தால் போதும், அவன் முறை வரும்போது அடுத்தவர் சொல்லட்டும்.