முதல் குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்கும் முன்

கப் வைக்கும் இடம், துணியின் நிறம் எல்லாம் அப்புறம். முதலில் இருக்கை முழுக்கச் சாய்ந்து தட்டையாகிறதா என்று பாருங்கள். பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது, அதனால் முதல் 6 மாதங்களாவது படுத்தபடி போவதுதான் நல்லது. நிமிர்ந்த இருக்கை மட்டும் உள்ள மலிவு ஸ்ட்ரோலரை இப்போதே வாங்கினால் அத்தனை நாளும் மூலையில்தான் கிடக்கும்.

பட்ஜெட் இடிக்கிறதா? தயங்காமல் பழையது வாங்குங்கள், பலரும் கொஞ்ச காலம்தான் ஓட்டியிருப்பார்கள். ஆனால் நேரில் போய், பிரேக் போட்டுவிட்டு ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள், சக்கரம் நகர்ந்தால் வேண்டாம். தோள், இடுப்பு, கால்களுக்கு நடுவே என 5 இடத்தில் பிடிக்கும் பெல்ட்டை மாட்டி இழுங்கள், கிளிப் 'டக்'கென்று பூட்டிக்கொண்டு கழலாமல் நிற்க வேண்டும். மடிக்கும் பூட்டு நன்றாகப் பிடிக்கிறதா என்பதும் ரொம்ப முக்கியம், ஏனென்றால் அது நழுவினால் குழந்தை உள்ளே இருக்கும்போதே வண்டி மடங்கிவிடும்.

எடையை மறந்துவிடாதீர்கள். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் மடித்து, தூக்கி, நாலு படி ஏற முடிகிறதா? கடையிலேயே ஒரு பையை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். கைப்பிடியில் கனமான பை மாட்டாதீர்கள், வண்டி பின்னால் சாய்ந்துவிடும்.